தாய்மாமன் ஆஜர்

மரபணுத் தரவு அறிவியலில் பங்கேற்பை விரிவாக்குவதற்காகத் திருத்தணிக்கு ஒரு நடுவம் வந்து சேர்ந்தது. சித்தூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். மலைமேல் தாலி கட்டி, கீழே பந்தி போடுகிற ஊர் இது. எதற்குப் பஞ்சம் வந்தாலும் மண்டபத்துக்கு வராது. வகுப்பு நடக்கிற நாளில் மேடையில் வெள்ளைத் திரை தொங்கும். முகூர்த்த நாளில் அதே மேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். சீரியல் விளக்கை ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துக் கட்ட யாருக்கும் பொறுமையில்லை. ஆகவே இயக்குநர் டாக்டர் கங்காதரன் உயிரணுவைப் பற்றி உரையாற்றும்போதெல்லாம் தலைக்கு மேல் சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிந்துகொண்டிருக்கும்.

பங்கேற்பை ஏன் விரிவாக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். உலகத்தில் மரபணு ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆட்களாம். அவர்களுக்கு ரத்தம் கொடுக்கிறவர்களும் ஒரே மாதிரி ஆட்களாம். இது அநியாயம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் திருத்தணிப் பக்கத்து ஜனங்களும் ரத்தம் கொடுப்பார்கள். கொடுத்தவரே கணினி முன் உட்கார்ந்து தன் ரத்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கற்றுக்கொள்வார் என்பதுதான் திட்டம். கேட்கவே நன்றாக இருந்தது. திட்டம் கேட்க நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கே தனியாக ஒரு குழு வைத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

நாகேந்திரன் பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுகிறவன். அறிவியலை விரிவாக்கும் ஆசை அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவன் மகன் தணிகைமணிக்கு நாலு வயது. ஒரு காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, பிறகு அதையும் மறந்துவிட்டான். இடுப்பில் தூக்கி வைத்தால் சிரிப்பான். தரையில் நிறுத்தினால் கால் இரண்டும் மடங்கிவிடும். இந்த நேரத்தில் நாகேந்திரனின் மனைவி சுசித்ரா மறுபடி முழுகாமல் இருந்தாள். சென்னையில் பார்த்த டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்:

"பெரியவனுக்கு எந்த ஜீன்ல கோளாறுன்னு தெரிஞ்சா, வயித்துல இருக்கிற குழந்தைக்கும் அது இருக்கான்னு பார்த்துடலாம்மா. ஆனா அஞ்சு மாசம் முடியறதுக்குள்ள தெரியணும். உங்க ஊர்லயே அந்த டெஸ்டை இலவசமா பண்றாங்களாமே, உடனே போய்ச் சேருங்க."

நாகேந்திரன் அடுத்த பஸ்ஸிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டான்.

அங்கே மோனிகா இருந்தாள். சமூகத் தொடர்பு ஒருங்கிணைப்பாளர் என்பது அவள் பதவி. சென்னையிலிருந்து தினமும் காரில் வருவாள். நெசவாளர் பகுதிக்கு வருகிறோம் என்பதற்காகக் கைத்தறிப் புடவைதான் கட்டுவாள். அவளைப் பார்க்க வருகிற நெசவாளர் வீட்டுப் பெண்கள் எல்லாம் சூரத் மில் சேலையில் இருப்பார்கள். மோனிகா மடிக்கணினியைத் திறந்தாள்.

"குழந்தை தவிர நாலு அடல்ட்ஸ் வேணும். குழந்தையோட அப்பா, அம்மா, அம்மாவோட அம்மா, அப்புறம் அம்மாவோட தாய்மாமன்."

"தாய்மாமன் எதுக்குங்க?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? உங்க கல்ச்சர்ல தாய்மாமன் எவ்ளோ முக்கியம்! அதுக்காகவே ஒரு கன்சல்டன்ட் வச்சு ஸ்டடி பண்ணியிருக்கோம்." அவள் தலைக்குப் பின்னால் தொங்கிய பேனரைக் காட்டினாள். அதில் 'தாய்மாமன் இல்லாமல் தரவு இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"சுசித்ராவுக்குத் தாய்மாமன் நான்தாங்க."

"இல்ல, நீங்க ஹஸ்பண்ட்."

"ஆங், அதுவும் நான்தாங்க. எங்க அக்கா பொண்ணைத்தான் நான் கட்டிகினேன்."

மோனிகா அவனைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். கணவன் கட்டத்தில் போட்ட பெயரைத் தாய்மாமன் கட்டத்தில் போட்டதும் மென்பொருள் சிவப்பாகி நின்றுவிட்டது. மகாபலிபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் தங்கி ஆலோசகர் எழுதிய ஆய்வில், தாய்மாமன் சீர் தட்டில் என்னென்ன பழம் வைப்பார் என்பதற்கு ஒரு அத்தியாயமே இருந்தது. அந்தத் தாய்மாமனே பெண்ணைக் கட்டிக்கொள்வதும் உண்டு என்ற விவரம் மட்டும் விட்டுப்போயிருந்தது.

"வேற தாய்மாமன் இல்லையா?"

"எங்க அக்காவுக்கு நான் ஒரே தம்பிங்க."

"அப்ப ஃபேமிலி இன்கம்ப்ளீட் ஆயிடும். இன்கம்ப்ளீட் ஃபேமிலிக்கு ரிசல்ட் வராது."

அப்போதுதான் நாகேந்திரனுக்கு அந்த யோசனை வந்தது. பாவம், வராமல் இருந்திருக்கலாம்.

"எங்க கல்யாணத்துலயும் இதே தொல்லைதாங்க. இதே மண்டபம்தான். மாமன் சீர் கொண்டார ஆளில்லை. நானே வாசல்லேருந்து தட்டை எடுத்துகினு வந்து பொண்ணு முன்னால வச்சேன். அப்புறம் உள்ளாற ஓடிப்போய் சட்டையை மாத்திகினு மணையில குந்திட்டேன். எல்லாம் சிரிச்சாங்கோ, ஆனா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. இங்கயும் வேணா நானே ரெண்டு பேரா வந்துடறேங்க."

மோனிகாவின் கண்கள் கலங்கிவிட்டன. "இதுதான் சார் கம்யூனிட்டி சொல்யூஷன்" என்று சொல்லிக்கொண்டே கங்காதரன் அறைக்கு ஓடினாள். கங்காதரன் தீர்ப்புச் சொன்னார்: "சமூகமே தன் சிக்கலுக்குத் தீர்வு சொல்லும்போது, நாம் காது கொடுக்க வேண்டும் மோனிகா." அந்தக் காலாண்டுக் கணக்குக்கு ஆள் குறைந்தது என்பதும் உண்மை.

நாகேந்திரனை வீட்டில் வேடியப்பன் என்று கூப்பிடுவது உண்டு. ஆகவே கணவன் நாகேந்திரன் என்றும், தாய்மாமன் வேடியப்பன் என்றும் பதிவானது. அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை. நம்பிக்கைதான் பங்கேற்பின் அஸ்திவாரம் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். கணவனாக வலது கையில் ரத்தம் கொடுத்தான். பிறகு மோனிகா சொன்னபடி வெளியே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, தாய்மாமனாக இடது கையில் கொடுத்தான். ரத்தம் எடுத்த பெண் சிரித்தாள். மோனிகா முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள். கணவனின் சம்மதத்துக்குச் சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்ற கேள்வி வந்தபோது, குடும்பத்தில் மூத்த ஆணான வேடியப்பன் போட்டுக்கொடுத்தார்.

இனி படிப்பு. ரத்தம் கொடுத்த ஒவ்வொருவரும் படித்தாக வேண்டும், படிக்காவிட்டால் முடிவு கிடையாது. சுசித்ராவுக்கும் அவள் அம்மா கமலாவுக்கும் பெண்கள் வகுப்பு. அதில் பெரும்பாலும் கோலப்போட்டி நடக்கும். வேடியப்பனுக்குக் காலை வகுப்பு கிடைத்தது, நாகேந்திரனுக்குப் பிற்பகல் வகுப்பு. ஒரே பாடத்தை ஒரே ஆள் இரண்டு தடவை கேட்டான். நடுவில் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து சட்டையை மாற்றிக்கொள்வான். தறிக்குப் போகாத நாள் கூடிக்கொண்டே போனது. முதலாளி வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

குடும்ப மரம் வரைவதுதான் முதல் பாடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. இது நாகேந்திரனுக்கு உடனே பிடிபட்டது. தணிகைமணிக்கு ஒரு சிறிய சதுரம் போட்டு, பென்சிலால் கறுப்படித்தான். அதற்குப் பிறகு வந்த பாடங்களில் ஒன்றும் ஏறவில்லை. எங்கேயோ குளிர்நாட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் திரையில் தோன்றி ஆங்கிலத்தில் பேசுவார். அடிக்கடி அப்படியே உறைந்துபோவார். உறைந்திருக்கும் நேரமும் பயிற்சி நேரத்தில் சேர்த்தி. முகூர்த்த நாட்களில் வகுப்பைப் பந்திக்கூடத்துக்கு மாற்றுவார்கள். ஒரு நாள் பரிமாறுகிறவர், மடிக்கணினியை நகர்த்தி வைத்துவிட்டு, தரவு அறிவியல் மாணவர்கள் எல்லோருக்கும் இலை போட்டுச் சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார். அந்தத் திட்டத்தில் ஜனங்களுக்குக் கைமேல் கிடைத்த பலன் அது ஒன்றுதான்.

பரீட்சை வந்தது. காலையில் வேடியப்பன் தேறிவிட்டார். பிற்பகலில் களைத்துப்போய் உட்கார்ந்த நாகேந்திரன் தோற்றுவிட்டான். 'தாய்மாமன் ஆர்வமுள்ளவர், கணவருக்குக் கூடுதல் கவனம் தேவை' என்று மோனிகா குறித்துவைத்தாள். அதோடு விடாமல் அவனைக் கூப்பிட்டு, "உங்க அங்கிள்கிட்ட கொஞ்சம் டவுட் கேட்டுக்கலாமில்ல?" என்று அக்கறையாகச் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று அவன் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

"டெஸ்ட் எப்போ வருங்க? அவளுக்கு நாலாவது மாசம் ஓடிகினு இருக்குது."

"ப்ராசஸ்ல இருக்கு. முதல்ல அவார்ட் ஃபங்ஷன் முடியட்டும்."

ஒரு மாதம் கழித்து விழா தடபுடலாக நடந்தது. சிறந்த பங்கேற்பாளர் விருது வேடியப்பனுக்கு. நாகேந்திரனை மணமக்கள் நாற்காலியில் உட்காரவைத்துச் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். கங்காதரன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இதோ நம் வேடியப்பன்! அதிகம் படிக்காதவர். நம் நடுவம் மட்டும் வந்திராவிட்டால், தன் உடம்பில் மரபணு இருப்பதே இவருக்குத் தெரியாமல் போயிருக்கும். இத்தனை நாள் அது உள்ளே சும்மா கிடந்தது! முன்பெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள், ஏழைகளிடம் ரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது சுரண்டல். நாம் அப்படியல்ல. நாம் இவர்களுடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறோம், வேலையையும் எடுத்துக்கொள்கிறோம், சிரித்த முகத்தையும் படமெடுத்துக்கொள்கிறோம். முழு மனிதரையும் எடுத்துக்கொள்வதற்குப் பெயர்தான் பங்கேற்பு!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்ததாக, தேறாதவர்களுக்கு ஊக்கச் சான்றிதழ் கொடுக்க நாகேந்திரன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் சால்வையோடு கீழே இறங்கி, சால்வையைச் சுசித்ராவிடம் கொடுத்துவிட்டு, மறுபடி மேலே ஏறினான். சுசித்ரா அந்தச் சால்வையை மடித்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

விழா முடிந்த வாரத்தில்தான் ரத்தத்தை உண்மையாகவே இயந்திரத்தில் போட்டார்கள். தரவைப் பார்க்கிற பிரேம்குமார் என்ற பொறியாளர் முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டார், பிறகு தன்னையே சந்தேகப்பட்டார். கடைசியில் கங்காதரனிடம் போய், நாகேந்திரனும் வேடியப்பனும் ஒரே ஆள் என்றார். நடுவமே அதிர்ந்தது. அவசரக் கூட்டம் கூட்டி, நாகேந்திரனை நடுவில் நிற்கவைத்தார்கள்.

"உங்களில் ஒருவர் இன்னொருவராக நடித்திருக்கிறார்" என்றார் கங்காதரன். "யார் அசல்?"

"ரெண்டும் நான்தாங்க. இந்தம்மாதானே சட்டையை மாத்திகினு வரச் சொன்னாங்க. நீங்களும் சரின்னீங்களே."

"நாங்கள் காது கொடுத்தோம். அவ்வளவுதான். காது கொடுப்பது குற்றமா? உங்கள் சமூகத்தின்மேல் வைத்த நம்பிக்கையை நீங்கள் உடைத்துவிட்டீர்கள்." அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. பெரிய மனிதர்களுக்குத் தாங்கள் செய்தது மறந்துபோகும்போது உண்மையாகவே அழுகை வந்துவிடும்.

விதி எளிமையானது. ஒரே ரத்தம் இரண்டு பெயரில் வந்தால் இரண்டையும் நீக்கிவிட வேண்டும். நீக்கினார்கள். தந்தையும் போய்த் தாய்மாமனும் போனதால் குடும்பம் முழுமையில்லாத குடும்பமாகிவிட்டது. அப்படிப்பட்ட குடும்பத்தில் குழந்தையின் ரத்தம் தனியாக நிற்கக் கூடாது என்று தணிகைமணியையும் நீக்கினார்கள்.

நாகேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டான். "என்னைத் தூக்கிக் கடாசிடுங்க சார். புள்ளை ரத்தம் புள்ளையோடதுதானே? அதுல இன்னா கோளாறுன்னு மட்டும் சொல்லிடுங்க. இந்த வாரத்தோட அஞ்சு மாசம் முடியுதுங்க. அதுக்கப்புறம் தெரிஞ்சு இன்னா பிரயோசனம்?"

பிரேம்குமாரின் திரையில் அது இருந்தது. தணிகைமணியின் காலை மடக்கியது எந்த மரபணு என்று ஒரே வரியில் இருந்தது. படித்துச் சொல்ல ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. பிரேம்குமார் அதைப் பார்த்தார், பிறகு கங்காதரனைப் பார்த்தார், பிறகு திரையை மூடினார். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதம் அது.

"எங்களுக்குத் தெரியும் நாகேந்திரன்" என்றாள் மோனிகா, மிகவும் பரிவாக. "ஆனா ப்ரோட்டோகால்படி எங்களுக்குத் தெரியாது. நீங்களே உள்ள போய்ப் பார்த்துக்கலாம், அதுக்குத்தானே ட்ரெயினிங் கொடுத்தோம்? என்ன ஒண்ணு, பாஸானது வேடியப்பன். அவர் அக்கவுன்ட்டைத்தான் லாக் பண்ணிட்டோம்."

மேல்முறையீட்டுக்கு ஒரு குழு இருந்தது. அந்தக் குழு அடுத்த வருஷம் கூடும்.

வீட்டுக்கு வந்தபோது சுசித்ரா வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா மாமா சொன்னாங்கோ?"

"வரும்னாங்கோ."

"எப்போ?"

"வரும்னாங்கோ. நல்லாத்தான் இருக்கும், நீ போய்ச் சாப்பிடு" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. நடுவத்தில் அன்று மாலை ஒருவருக்கும் எதுவும் வரவில்லை. நேரத்துக்குக் காரேறிப் போய்விட்டார்கள்.

பெண் பிறந்தது. நல்ல நிறம், நல்ல எடை. மலைக்குத் தூக்கிப்போய் மொட்டை போட்டு, அம்மு என்று பெயர் வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் மடியில் நிறுத்தினால் காலை உதைத்துக் குதிக்கிற பருவத்தில், கமலா பேத்தியின் அக்குளைப் பிடித்துத் தொடைமேல் நிறுத்திப் பார்த்தாள். கால் மடங்கியது. இன்னொரு தடவை நிறுத்திப் பார்த்தாள்.

"டேய், இதுவும் காலை ஊன மாட்டேங்குதுடா" என்றாள் தம்பி நாகேந்திரனிடம். பிறகு குழந்தையை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். சுசித்ரா அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

எப்படித்தான் கேள்விப்பட்டாளோ, மோனிகா காரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு டப்பா நேந்திரம் சிப்ஸ் இருந்தது.

"கங்காதரன் சார் உங்களை ரொம்ப விசாரிச்சார். அஃபெக்டட் சில்ட்ரன் ரெண்டு பேர் இருக்கிற ஃபேமிலி கிடைக்கிறது ரேர். பழசெல்லாம் மறந்துடலாம்னு சொல்லிட்டார்." அவள் மடிக்கணினியைத் திறந்து, ஒரு சிறிய வட்டம் போட்டு, அதைக் கறுப்பாக்கினாள். அந்தப் பாடம் நாகேந்திரனுக்குத் தெரியும். "ஒரே ஒரு சிக்கல். அந்த வேடியப்பன் கேஸ் இன்னும் பெண்டிங்ல நிக்குது. அவரை ஒரு தடவை நேர்ல வரச் சொல்லுங்களேன்."

நாகேந்திரன் சிப்ஸ் டப்பாவை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

"அவரு செத்துட்டாருங்க."

மோனிகா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! எப்போ?"

"உங்க மீட்டிங் முடிஞ்சுதே, அன்னிக்கேங்க."

அவள் கண் கலங்கியபடியே கணினியில் எதையோ தட்டினாள். தட்டியதும் முகம் மலர்ந்தது. இறந்தவர் என்று குறித்தால் தாய்மாமன் கட்டத்துக்கு விதிவிலக்கு உண்டாம். வேடியப்பன் போனதும் நாகேந்திரன் தனி ஆளாகிவிட்டான், குடும்பம் முழுமையாகிவிட்டது, தணிகைமணியின் முடிவும் வெளியே வந்துவிட்டது. இதை முன்பே செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முன்பு யாரும் சாகவில்லையே.

மண்டபத்தில் இரங்கல் கூட்டம் ஏற்பாடானது. சால்வை போர்த்திய வேடியப்பனின் படத்துக்கு மாலை போட்டு மணமேடையில் வைத்திருந்தார்கள். சீரியல் விளக்கு எரிந்தது. முன்வரிசையில் நாகேந்திரன், பக்கத்தில் அம்முவை மடியில் போட்டுக்கொண்டு சுசித்ரா, அடுத்த நாற்காலியில் தணிகைமணி. ஒட்டப்பட்ட உறையில் முடிவை வைத்துக் கங்காதரன் நாகேந்திரனிடம் கொடுத்தார்; படம் எடுப்பவர் கேட்டுக்கொண்டதால் இன்னொரு தடவையும் கொடுத்தார்.

"ஐந்தாம் மாதத்துக்குள் பரிசோதித்தால் இந்த நோயைக் கருவிலேயே கண்டுபிடித்துவிடலாம்" என்று அவர் முழங்கினார். "இதை உலகத்துக்கு நிரூபித்த குடும்பம் இது! முதல் குழந்தையிடம் கற்றோம், இரண்டாம் குழந்தையிடம் உறுதி செய்துகொண்டோம். இவர்கள் இன்னும் விரிவாகப் பங்கேற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மறைந்த வேடியப்பனுக்கு அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்."

நாற்காலிகள் கிறீச்சிட எல்லோரும் எழுந்தார்கள். நாகேந்திரனும் எழுந்து, தன் படத்துக்கு எதிரே கைகட்டி நின்றான். சுசித்ரா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். மண்டபம் அமைதியானது. அந்த அமைதியில் தணிகைமணி மேடையிலிருந்த அப்பாவின் படத்தைக் கைகாட்டி, "நைனா" என்றான்.

மோனிகா விரலை உதட்டில் வைத்தபடி குனிந்து அவனிடம் வந்தாள்.

"உஷ். எல்லாரும் நிக்கறாங்க பாரு. நீயும் எழுந்து நில்லுடா கண்ணா, ஒரு நிமிஷம்தான்."